கைப்பேசிக்குள் போன பெரட்டு

எங்கள் நிர்வாகிக்கும் எனக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர். அதுவும் கூரை வரை போகாத சுவர். அவர் தும்மினால் எனக்குக் கேட்கும். நான் பசியாறப் பொட்டலத்தைப் பிரித்தால் சம்பல் வாசம் அவருக்குப் போகும். இருந்தாலும் என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அவர் மின்னஞ்சல்தான் அனுப்புவார். முதலில் சுவருக்கு அந்தப் பக்கம் டக்டக்கென்று தட்டும் சத்தம் வரும். பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. எழுதியதைப் படித்துப் பார்க்கிறார் என்று அர்த்தம். அப்புறம் பலமாக ஒரு தட்டு. என் கணினி டிங் என்று மணியடிக்கும். திறந்து பார்த்தால், ஸ்டோர் சாவி யாரிடம் என்று ஆங்கிலத்தில் கேட்டிருப்பார்.

சாவி என் மேசையில்தான் கிடக்கும். எடுத்துச் சுவருக்கு மேலே வீசிவிடலாமா என்று பல நாள் கை துறுதுறுத்திருக்கிறது. ஆனால் பதிலும் மின்னஞ்சலில்தான் போக வேண்டும். நான் தட்டுவேன், அந்தப் பக்கம் டிங் என்று கேட்கும், அவர் எழுந்து வந்து சாவியை எடுத்துக்கொண்டு போவார்.

அவர் கெட்டவர் இல்லை. முப்பதைத் தாண்டிய தமிழ்ப் பையன். பட்டணத்தில் வளர்ந்து மலாய்ப் பள்ளியில் படித்தவர். தமிழ் பேசுவார், படிக்க வராது. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். வந்த புதிதிலேயே சொல்லிவிட்டார்: "அக்கா, எதுவா இருந்தாலும் ஈமெயில்ல போட்டுருங்க. வாயால பேசினா நாளைக்கு நான் சொல்லலன்னு நீங்க சொல்லலாம், நீங்க சொல்லலன்னு நான் சொல்லலாம். பிளாக் அண்ட் வைட்ல இருந்தா ரெண்டு பேருக்கும் சேஃப் லா." முன்பு வேலை பார்த்த இடத்தில் யாரோ வாயால் சொன்ன ஒரு உத்தரவை நம்பி மாட்டிக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதனால் அவர்மேல் எனக்கு முழுக்கக் கோபப்படவும் முடியவில்லை.

நான் எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கிராணி, கணக்கெழுத்து வேலை. புக்கிட் ரோத்தானிலிருந்து ஆற்றுப் பக்கம் உள்ளே போகிற தோட்டம். பிறந்தது இந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தான். இப்போது டவுனில் வீடு, தினமும் மோட்டார் சைக்கிளில் வந்து போகிறேன். லயத்தில் பாதிக்கு மேல் வங்காளதேசத்துப் பிள்ளைகளும் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள். தமிழர் வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியாத சுபாவம். அதற்கேற்ற மாதிரி இந்தக் கைப்பேசியும் வந்து சேர்ந்தது. தொடைமேல் அது அதிராதபோதும் அதிர்வதுபோலவே இருக்கும். சோறு தின்னும்போது இடது கை தானாகப் பைக்குள் போகும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் வேலை முடியாது. துணி காயப்போடும்போது ஒரு டிங், சாமிக்கு விளக்கேற்றும்போது ஒரு டிங். பார்க்காமல் இருந்தால் நெஞ்சுக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும்.

முன்பு இப்படி இல்லை, பெரட்டு இருந்தது. தோட்டத்துக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: விடிவதற்கு முன் ஆபீஸ் திடலில் எல்லாரும் கூடி நிற்பார்கள், பேர் கூப்பிடுவார்கள், இன்றைக்கு யார் எந்தக் காட்டுக்கு, அதாவது தோட்டத்தின் எந்தப் பகுதிக்கு, என்ன வேலை என்று வேலை வாங்குகிற மண்டோர் சத்தம் போட்டுப் பிரித்துவிடுவார். அதைப் பற்றி உருகுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. கொசு பிடுங்கும். மழை பெய்தால் நனைய வேண்டும். மண்டோர் யாரையாவது ஏசுவதைக் காலங்கார்த்தாலே வெறும் வயிற்றில் கேட்க வேண்டும். நிர்வாகி ஒரு நாள், இனிமேல் பெரட்டு வாட்சப்பில்தான் என்று மின்னஞ்சல் போட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாமே.

நம் தமிழ்ப் பத்திரிகைகள் வாட்சப்பைப் புலனம் என்று எழுதுகின்றன. களைக்கு மருந்து அடிக்கிற எங்கள் மருந்து கேங் மண்டோர் வாசப்பு என்பார். ஐம்பது வயதுக்காரர், அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர் தினமும் விடிந்ததும் குருப்பில் ஒரு முருகன் படத்தைப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அதற்குக் கீழே நிர்வாகியின் உத்தரவு வரும். அவர் எனக்கு ஆங்கிலத்தில் அனுப்புவதை நான் மலாயில் மாற்றிக் குருப்பில் போடுவேன். எல்லாரும் ஒரு கட்டை விரலைப் போடுவார்கள். பெரட்டு முடிந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அந்த மாற்றம் வந்த முதல் நாள் காலையில் நான் ஆபீசுக்குப் போனபோது திடலில் ஒரே ஒருத்தர் நின்றுகொண்டிருந்தார். பாலக்கா. ஆற்றோர லயத்தில் கடைசி வீடு. புருஷன் தோட்டத்து லோரி ஓட்டியவர், இறந்துபோனார். மகள் ரவாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டாள். அக்காவுக்கு மாடுகள்தான். செம்பனைக்குக் கீழே மேய்த்து, கறந்து, பால் விற்றுச் சாப்பிட்டார். தோட்டத்துப் பேரேட்டில் அவர் பேர் கிடையாது. ஆனாலும் ஒரு பெரட்டைக்கூட விட்டதில்லை. வாங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் நிற்கும்போது ஊற்றிவிட்டால் வீடு வீடாக அலைய வேண்டாம் அல்லவா.

"என்னம்மா, இன்னைக்கு லீவா?" என்றார்.

"லீவு இல்லக்கா. பெரட்டு போன்ல வந்துருச்சு. எல்லாரும் நேரா காட்டுக்குப் போயிட்டாங்க."

அவர் என் கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்தார். அத்தனை பேரும் அதற்குள் எப்படி நிற்கிறார்கள் என்று யோசித்திருப்பாரோ என்னவோ. பிறகு போத்தல்களைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு லயத்துப் பக்கம் திரும்பிவிட்டார். பால் விற்பதற்கு அவருக்கு அலைச்சல் கூடிவிட்டதே என்றுதான் நான் வருத்தப்பட்டேன். உண்மையில் அவருக்குப் போனது வேறு.

பால் ஊற்றிக்கொண்டு நிற்கும்போது மண்டோர் போடுகிற சத்தம் அவர் காதில் விழும். மருந்து கேங் இன்றைக்கு ஆற்றோரக் காடு என்று விழுந்தால், மாடுகளை ரோட்டோரக் காட்டுக்கு ஓட்டுவார். ரோட்டோரம் என்று விழுந்தால் ஆற்றோரம். யாரும் அவருக்கென்று சொன்னதில்லை, அவரும் யாரையும் கேட்டதில்லை. களைக்கொல்லி பட்ட புல்லைத் தின்றால் மாடு பிழைக்காது. பக்கத்து டிவிஷனில் ஒரு பசு அப்படித் தின்றுவிட்டு, வாயில் நுரை ஒழுகக் கிடந்து செத்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே பெரட்டுச் சத்தத்தில்தான் அக்காவின் மாடுகள் உயிரோடு இருந்தன. வாட்சப்புக்குச் சத்தம் கிடையாது. அது யாருக்குப் போகிறதோ அவருக்கு மட்டும்தான் போகும்.

கொஞ்ச நாளில் அக்கா என் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். ஓட்டிக்கொண்டு போன இடத்தில் புல்லெல்லாம் வாடிக் கிடந்ததாம். மாடு வாயை வைப்பதற்குள் பார்த்துவிட்டாராம்.

"மருந்து அடிச்சா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா?" என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை.

நான் உடனே சுவருக்கு அந்தப் பக்கம் மின்னஞ்சல் போட்டேன்: பால்காரம்மாவைக் குருப்பில் சேர்க்கலாமா? தட்டும் சத்தம், அமைதி, பலமான தட்டு, டிங். 'அதிகாரபூர்வமாக நம் தோட்டத்தில் மாடு கிடையாது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே அக்காவின் கறுப்புப் பசு நின்று வேலியை முகர்ந்துகொண்டிருக்கிறது, மாடு கிடையாதாம்.

நாற்காலியை நான் தள்ளிய சத்தம் கேட்டிருக்க வேண்டும். அதிசயமாக அவரே வாசலுக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, கோவிச்சுக்காதீங்க. குருப்பில சேத்தா மாடு இருக்குன்னு நம்மளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். ஹெட் ஆபீஸ் பாத்தா என்னைத்தான் கேக்கும்" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் உறைத்தது. முன்பிருந்த நிர்வாகிகள் யாருக்கும் மாடு தெரியாமல் இல்லை. அந்தப் பாலில் டீ போட்டுக் குடித்தவர்கள்தான். மாடு களையைத் தின்கிறது, மருந்துச் செலவு மிச்சம் என்று சிரித்தவர்களும் உண்டு. எல்லாம் வாய்ப்பேச்சாக இருந்த வரைக்கும் மாடுகளுக்குத் தோட்டத்தில் இடம் இருந்தது. எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்ததும், எழுத முடியாததற்கு இடம் இல்லாமல் போய்விட்டது. அக்கா யார் கண்ணையும் உறுத்தவில்லை, யாரும் அவரைத் துரத்தவுமில்லை. அவரை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

பிறகு அதை நானே என் தலையில் போட்டுக்கொண்டேன். காலையில் நிர்வாகியின் உத்தரவு வந்ததும் குருப்பில் மலாயில் ஒன்று, அக்காவுக்குத் தமிழில் குரல் செய்தி ஒன்று. "அக்கா, இன்னைக்கு மருந்து ரோட்டோரம். நீங்க ஆத்துப் பக்கம் போங்க." அக்காவிடம் மகள் வாங்கிக் கொடுத்த கைப்பேசி ஒன்று உண்டு. ஒரு தடவை பாரிட் வாய்க்காலில் விழுந்து, அரிசிக்குள் புதைத்து வைத்துப் பிழைத்த கைப்பேசி. அதற்குப் பிறகு அவர் அதை வெளியே கொண்டுபோவதில்லை. டிவி மேசையில் சார்ஜரோடு மாலை போட்ட படம்போல இருக்கும். மாட்டை அவிழ்ப்பதற்கு முன்னால் போய் அழுத்திக் கேட்பார். அதற்குள் என் செய்தி போயிருக்க வேண்டும்.

என் பாடு திண்டாட்டமானது. விடிவதற்கு முன்பே எழுந்து கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடப்பேன். நிர்வாகி உத்தரவு அனுப்பினாரா? அனுப்பிவிட்டார். அக்காவுக்குப் போய்விட்டதா? போய்விட்டது, இரண்டு சாம்பல் கோடு. நீலமானதா? இன்னும் ஆகவில்லை. டீ ஆறிப்போகும். நீலமான பிறகுதான் குளிக்கப் போவேன்.

என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "மாடு அவங்களுது, மூச்சு வாங்கறது உனக்கா?" என்று கிண்டல் பண்ணுவார். சிரிப்பேன். கண் கைப்பேசியை விட்டு எடுபடாது.

அப்படியே சில மாதம் ஓடியது. அந்தக் காலையிலும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மருந்து ரோட்டோரக் காடு என்று உத்தரவு. குருப்பில் போட்டேன், கட்டை விரல்கள் வந்தன. அக்காவுக்கு அனுப்பினேன், நீலமானது. குளித்து, உடுத்தி, ஆபீசுக்கு வந்து, கணினியைத் திறந்து, பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய் வைத்திருப்பேன். டிங்.

நிர்வாகி அன்றைக்குத் தலைமை அலுவலகத்தில் கூட்டத்தில் இருந்தார். அங்கிருந்து அனுப்பியிருக்கிறார். பெரியவர்கள் சிலர் இன்று ரோட்டோரமாகக் காரில் வருகிறார்கள், அந்தப் பக்கம் மருந்து வாடை இருக்கக்கூடாது, கேங்கை உடனே ஆற்றோரக் காட்டுக்கு மாற்றவும்.

மேலிடத்து உத்தரவு. கை தன்பாட்டுக்கு மலாயில் தட்டியது. குருப்பில் போட்டதுமே மண்டோர் அண்ணனின் கட்டை விரல் வந்துவிட்டது. மருந்துத் தண்ணீர் தொட்டியை இழுக்கிற டிராக்டர் அங்கே திரும்பிவிட்டது என்று அதற்கு அர்த்தம். மாடுகள் ஆற்றோரக் காட்டில். நான்தான் போகச் சொன்னேன், என் குரலில்.

அக்காவுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். இரண்டு சாம்பல் கோடு. கூப்பிட்டேன். டிவி மேசையில் மணி அடித்து அடித்து நின்றது, நானே அந்த வீட்டுக்குள் நிற்பதுபோல எனக்குக் கேட்டது. மண்டோர் அண்ணனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மருந்து கேங் வேலையைத் தொடங்கினால் கைப்பேசிகளெல்லாம் மோட்டார் சீட்டுக்கு அடியில் போய்விடும், நனையக்கூடாது என்று. கட்டை விரலைப் போட்டுவிட்டுக் கைப்பேசியைப் பூட்டி வைத்துவிட்டார் மனிதர். வேலையை நிறுத்தச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. நிர்வாகியைக் கூப்பிட்டேன். இணைப்பைத் துண்டித்துவிட்டு, கூட்டத்தில் இருக்கிறேன், எழுதி அனுப்புங்கள் என்று செய்தி போட்டார். எழுதினேன்: ஆற்றோரக் காட்டில் மாடுகள் இருக்கின்றன, கொஞ்சம் பொறுக்கச் சொல்லட்டுமா?

உடனே பதில் வந்தது. 'எந்த மாடு?'

அவருக்குப் பக்கத்தில் யாராவது எட்டிப் பார்த்திருக்கலாம். பயந்திருக்கலாம். எனக்கு அப்போது அதெல்லாம் தோன்றவில்லை. கணினியில் ஒரு ஆள், கையில் ஒரு ஆள், காதில் ஒரு ஆள் என்று இத்தனை பேர் என்னோடு இருந்தும், கொஞ்ச தூரத்தில் நிற்கிற ஒரு மனுஷிக்கு ஒரு வார்த்தை போய்ச் சேரவில்லை. பொட்டலத்தை அப்படியே போட்டுவிட்டு, ஆபீசைப் பூட்டிக்கொண்டு மோட்டாரை எடுத்தேன்.

முந்திய நாள் மழையில் செம்மண் பாதை குழைந்து கிடந்தது. பாரிட் ஓரமாகவே போக வேண்டும், சறுக்கினால் தண்ணீருக்குள்தான். போகும் வழியெல்லாம் தொடையில் கைப்பேசி அதிர்ந்துகொண்டே வந்தது. அக்காவோ என்று நிறுத்திப் பார்த்தேன். செம்பனைக் குலை ஏற்றுகிற லோரிக்காரர், ராம்ப் மேடையில் குலை குறைவு என்று படம் அனுப்பியிருந்தார். மறுபடி அதிர்ந்தது. நிர்வாகியாக இருக்குமோ, நிறுத்தச் சொல்கிறாரோ என்று மறுபடி நிறுத்தினேன். ஏதோ கடையில் சட்டி பானை தள்ளுபடி. அந்த இடத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்தது அதிர்ந்தபோது நிறுத்தவில்லை. ஆனாலும் யாராக இருக்கும், யாராக இருக்கும் என்று மனசு அதிலேயே கிடந்து அடித்துக்கொண்டது.

ஆற்றோரக் காட்டு முனையில் டிராக்டர் நின்றது. பிள்ளைகள் முகமூடி கட்டி, தோளில் பம்பு மாட்டி வரிசையாக நின்றார்கள். ஓரத்து மர நிரையில் இரண்டு பேர் அடிக்கவே தொடங்கிவிட்டார்கள். அதற்குக் கொஞ்சம் உள்ளே, மரங்களுக்கு நடுவில் கொக்குகள் சூழ மாடுகள் தலை குனிந்து மேய்ந்துகொண்டிருந்தன. அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு கத்தியால் புல் அறுத்துக்கொண்டிருந்தார்.

தொண்டை கிழியக் கத்தினேன். "நிறுத்துங்க. அண்ணே, நிறுத்துங்க. அக்கா, மாட்ட ஓட்டுங்க, மருந்து வந்துருச்சு." ஆபீசில் உட்கார்ந்து உட்கார்ந்து என் குரல் இவ்வளவு இருக்கும் என்றே மறந்துபோயிருந்தேன். எல்லாரும் திரும்பினார்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கேட்டது.

மண்டோர் அண்ணன் முகமூடியை இறக்கினார். "என்னா கிராணி இது? நீங்கதானே ஆத்தோரம்னு போட்டீங்க?"

"போட்டேண்ணே. கொஞ்சம் நில்லுங்க. மாடு கடந்துரட்டும்."

"மாடு உள்ள இருக்குன்னு எனக்குத் தெரியாது லா. தெரிஞ்சா அடிப்பனா?" என்றார். அவர் முகம் வெளுத்துவிட்டது. அவர் வீட்டுக்கும் அக்காதான் பால் ஊற்றினார். பிறகு அவரும் ஓடினார், பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வங்காளதேசத்துப் பிள்ளைகளும் ஓடினார்கள். கூட்டமாக நின்று சத்தம் போட்டு, பாரிட்டுக்கு மேலே கிடந்த பலகைப் பாலத்தின் வழியாக ஒவ்வொரு மாடாக அந்தப் பக்கம் தள்ளினோம். சினையாக இருந்த கறுப்புப் பசு பலகையில் கால் வைக்க மாட்டேனென்று நின்றது. அக்கா அதன் காதருகே என்னவோ சொன்னார். அது மெல்லக் கடந்தது. ஒரு மாடுகூட மருந்து பட்ட புல்லில் வாய் வைக்கவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? பாரிட் மேட்டில் சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தேன்.

மருந்து கேங் வேலைக்குத் திரும்பியது. அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் மாடுகளையே பார்த்தார்.

"இன்னைக்கு நீ வந்த," என்றார்.

"வராம இருப்பனாக்கா?"

"நாளைக்கு உனக்குக் காய்ச்சல்னா? உன் புள்ளைக்கு ஸ்கூல்ல ஏதாச்சும்னா? உன் காலை நம்பி நான் மாடு மேய்க்க முடியுமாம்மா?"

"போன மடியில வச்சுக்கிட்டுப் போங்கக்கா. ப்ளாஸ்டிக் பையில சுத்தித் தரேன், நனையாது. மாறினா உடனே சொல்லிருவேன்."

"உன்னாட்டம் நாள் பூரா அதையே பாத்துக்கிட்டு நின்னா, மாட்ட யாரு பாக்கறது?"

சரியாக அந்த நேரம் பார்த்து என் தொடையில் அது அதிர்ந்தது. என் கை போய்விட்டது. அக்கா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். கோபமாகச் சிரித்திருந்தால் பதில் பேசியிருப்பேன். பாவம் என்று சிரித்தார்.

வேலை நேரத்தில் ஆபீசைப் பூட்டிவிட்டுப் போனதற்குக் காரணம் கேட்டு நிர்வாகி மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஆற்றோரக் காட்டில் மாடுகள் இருந்தன, ஓட்டிவிட்டேன் என்று எழுதினேன். அதற்கு அவர் பதில் போடவில்லை. மறுநாள் என் மேசையைக் கடக்கும்போது மட்டும், "மாடு ஓகேதானே அக்கா?" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். ஓகே என்றேன். அந்த முணுமுணுப்பை முந்தின நாளே செய்திருக்கலாமே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நான் வழக்கம்போலக் குரல் செய்தி அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன். அக்கா கேட்டார், நீலமானது. பால் வந்தது. ஒரு நாள் பால் ஊற்றும்போது, "கோல சிலாங்கூர்க்காரன் ஒருத்தன் மாட்ட மொத்தமா வெலைக்குக் கேக்கறான்" என்றார். குடுத்துராதீங்கக்கா என்றேன். அக்கா தலையாட்டினார். ஆமென்றா இல்லையென்றா தெரியாத தலையாட்டல். அவரைப் பிடித்து நிறுத்தி, உட்கார வைத்துப் பேசியிருக்கலாம். அதற்குள் ஒரு டிங், ஆபீசுக்கு ஓடினேன்.

லோரி வந்த காலையில் ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாடுகள் பின்னால் தாம்புக் கயிற்றில் நெருக்கி நின்றன. கறுப்புப் பசுவை ஓரமாகக் கட்டி, அடியில் வைக்கோல் போட்டிருந்தார்கள். அக்கா முன் சீட்டில், மடியில் ஒரு துணி மூட்டையோடு இருந்தார். ரவாங்கில் மகள் வீட்டுக்குப் போகிறார் என்று மண்டோர் அண்ணன் சொன்னார். போகிற வழியில் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவார்களாம். லோரி ஆபீசுக்கு முன்னால் வந்தபோது நான் வெளியே ஓடினேன். அக்கா கையை உயர்த்தினார், ஏதோ சொல்லவும் செய்தார். லோரி சத்தத்தில் கேட்கவில்லை. லோரி நிற்கவுமில்லை. மாடு ஏற்றிய லோரியை வழியில் நிறுத்தினால் மாடுகள் மிரளும், எனக்குத் தெரியும். இருந்தாலும் நின்றிருக்கலாம் என்று இருந்தது.

மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் தட்டும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை நீளமாகவே தட்டினார். அமைதியும் நீளமாக இருந்தது. பலமான தட்டு. டிங்.

தலைமை அலுவலகத்துக்குப் போன மின்னஞ்சல், எனக்கும் ஒரு படி. தோட்டத்தில் வெகு காலமாக இருந்து வந்த கால்நடை ஊடுருவல் பிரச்சினை முழுமையாகத் தீர்ந்துவிட்டது, திறமையான தகவல் தொடர்பே காரணம், அதற்கு முன்கை எடுத்த அலுவலகக் கிராணிக்கு நன்றி என்று எழுதியிருந்தார். மாடு இல்லாத தோட்டத்தில் மாட்டுப் பிரச்சினை எப்படி வந்தது என்று மேலிடத்தில் யாரும் கேட்கவில்லை. ஒருவர் வாழ்த்து என்றார். இன்னொருவர், மற்றத் தோட்டங்களும் பின்பற்றலாமே என்று எழுதினார். டிங், டிங் என்று வந்துகொண்டே இருந்தது. என் முகம் எரிந்தது. அவர் எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்திருக்கிறார், அதுதான் இன்னும் எரிந்தது.

பதில் எழுதினேன். அந்த ஆபீசில் நான் தமிழில் எழுதிய முதல் மின்னஞ்சல் அது. 'சார், பிரச்சினை தீரவில்லை. அந்த அம்மா மாடுகளை விற்றுவிட்டுத் தோட்டத்தை விட்டுப் போய்விட்டார். நடந்தது அவ்வளவுதான்.' அனுப்பினேன். சுவருக்கு அந்தப் பக்கம் டிங் என்றது.

தட்டும் சத்தம் வரவில்லை. தமிழைப் படிக்க முடியாமல் கைப்பேசியில் போட்டு மொழிபெயர்க்கிறார் போலிருக்கிறது. வெகு நேரம் கழித்து நாற்காலி நகர்ந்தது. வாசலில் வந்து நின்றார். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"அக்கா, அவங்க உங்களுக்குச் சொந்தமா?" என்றார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இல்ல சார்," என்றேன். "அவங்ககிட்ட பால் வாங்குவேன்."

"ஓ," என்றார். இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவர் கையில் அது அதிர்ந்தது. பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் புக்கிட் ரோத்தான் கடையில் டப்பாப் பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.